யாரிடமும் சொல்லாதே என்றால் அது போலீஸ் இல்லை

தாம்பரம் மாநகரக் காவல் ஆணையர் அவர்களுக்கு,

சேலையூரில் எங்கள் தெருவில், ஒரு வீட்டு கேட்டில் தொங்கும் பையில் இரண்டு நாள் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தது. உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. மணியடித்தால், “உடம்பு சரியில்லம்மா, அப்புறம் வாங்க” என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. அந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘ஐயா’தான்.

மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் காபி டம்ளர்மேல் சாய்த்து வைத்த செல்போனுக்கு முன்னால் ஐயாவும் அவர் மனைவியும் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன். உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் மோசடி நடந்திருக்கிறது, மும்பையில் வழக்கு பதிவாகியிருக்கிறது, வீடியோவை அணைத்தால் கைது, பிள்ளையிடம் சொன்னால் அவனும் உள்ளே போவான் என்று மிரட்டியிருக்கிறான். கழிவறைக்குப் போகக்கூட அவனிடம் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஒரே ஒரு முறை வெளியே விட்டான், வங்கிக்குப் போக. வைப்புத் தொகையை உடைத்து அவன் சொன்ன கணக்கில் போட்டால், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்களாம். கவுன்டரில் கேட்டால் பையனுக்கு வீடு வாங்க என்று சொல்லச் சொல்லியிருந்தான். கவுன்டரில் யாரும் கேட்கவேயில்லை.

இதற்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டிஜிட்டல் கைது’. அப்படி ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொல்லி எச்சரித்தார். இதில் படித்தவர், பணக்காரர் என்ற வித்தியாசமும் இல்லை. அதே ஆண்டில் வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு உச்ச நீதிமன்ற விசாரணை என்றே ஒரு நாடகத்தைக் காணொளியில் நடத்திக் காட்டி, 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்குகளை விசாரிக்கும்படி சிபிஐக்கு உத்தரவிட்டது.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-வது பிரிவை நீங்கள் அறிவீர்கள். கைது செய்தால் குறிப்பாணை எழுத வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும் உரிமை உண்டு என்று கைதானவருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டமே ‘நாலு பேருக்குச் சொல்’ என்கிறது. திருடன்தான் ‘யாருக்கும் சொல்லாதே’ என்கிறான். இந்த ஒரு வித்தியாசம் ஐயாவுக்கு முன்பே தெரிந்திருந்தால் பால் பாக்கெட் வெளியே கிடந்திருக்காது.

அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். புகார் கொடுக்கப் போன இடத்தில் (எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம்) “படிச்சவர்தானே, எப்படி சார் ஏமாந்தீங்க?” என்று நாலு பேர் முன்னால் கேட்டார்கள். அன்றிலிருந்து ஐயா வாக்கிங் வருவதில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைப் போகிற வழியிலேயே முடக்க முடியும். அந்த அவமானத்துக்குப் பயந்து ஒருவர் ஒரு நாள் தயங்கினால், பணம் நாலைந்து கணக்கு தாண்டிப் போயிருக்கும். அந்தக் கேள்வியை உங்கள் நிலையங்களில் இனி யாரும் கேட்கக் கூடாது.

2022 ஜனவரியில் தாம்பரத்துக்குத் தனி ஆணையரகம் வந்தபோது, போலீஸ் பக்கத்தில் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்கள் நாங்கள். குரோம்பேட்டை, சிட்லபாக்கம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் எங்கும் பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்கள் அதிகம். அவர்களுக்குப் போஸ்டர் போதாது. பயத்தை ஏற்படுத்தியது காக்கிச் சட்டை. அதைப் போக்கவும் அசல் காக்கிச் சட்டைதான் வீட்டுக்கு வர வேண்டும். ரோந்து வரும் காவலர் கதவைத் தட்டி, “நாங்க வீடியோ கால்ல யாரையும் கைது பண்ண மாட்டோம், பணம் கேக்க மாட்டோம். அப்படி யாராவது சொன்னா போனை வெச்சுட்டு 1930-க்குப் பேசுங்க” என்று சொல்லட்டும். நிலையத்தின் எண்ணைக் காலண்டரில் எழுதிவிட்டுப் போகட்டும்.

வங்கி மேலாளர்களையும் ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். வயதானவர் வைப்புத் தொகையை அவசரமாக உடைக்க வந்தால் உள்ளே உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, “யாராவது லைன்ல இருக்காங்களா?” என்று கேட்கச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் உடனே நிலையத்துக்குத் தகவல் வரட்டும்.

நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் வாழ்வுச் சான்றிதழுக்காக வங்கிக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். போனிலேயே சான்றிதழ் போட்டுத் தருகிறோம் என்று ஓடிபி கேட்கும் கும்பலுக்கும் அதே மாதம்தான் வசதி. அந்த மாதம் முழுக்க ஒவ்வொரு கிளையிலும் காலையில் ஒரு மணி நேரம் ஒரு காவலரை உட்கார வையுங்கள் ஐயா.

இப்படிக்கு,
சேலையூர்வாசி ஒருவர்