அடுத்த வீட்டுக்காரன்

சென்ற வாரம் வகுப்பில் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாராட்டும் பாட்டு அது. பசுக்களையும், அந்தணரையும், பெண்டிரையும், பிணியாளரையும், ஆண் மகவு இல்லாதவரையும் முதலில் பத்திரமான இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டுத்தான் அம்மன்னன் அம்பு தொடுப்பானாம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"ஸார், இப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டால், கொல்ல வேண்டிய ஆளும் ஓடிப் போய்விட மாட்டானா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இக்காலத்து யுத்த நிபுணர்களின் வாதமும் அதுதானே!

பெரும் படைகள் மோதுவதைவிட, பகைவரின் தலைவன் ஒருவனைக் குறி வைத்துத் தீர்த்துவிட்டால் சேதம் குறையும் என்கிறார்கள் அவர்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. படை புகுந்த நாடு என்ன பாடுபடும் என்பதைத் தஞ்சை நாட்டார் அறிவார்கள். 1781-ல் ஹைதர் அலியின் சேனை காவிரிக் கரையில் புகுந்தது. ஊர்கள் காலியாயின, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, வயல்கள் தரிசாய்க் கிடந்தன, தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். 'ஹைதர் கலாபம்' என்று பெயர் பெற்றது அந்தக் கொடுமை. ஆனால், 1779-ல் தம்மிடம் தூது வந்திருந்த பாதிரியார் சுவார்ட்ஸுக்கு மட்டும் யாரும் தீங்கு செய்யலாகாது என்று ஹைதர் உத்தரவிட்டதாகப் பாதிரியாரின் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். ஒருவரைக் காக்க உத்தரவிட முடிந்தவரால் ஓர் ஊரைக் காக்க உத்தரவிட முடியாதா? யுத்தத்தில் குடிகள் படும் துன்பம் வானத்து இடியன்று. ஆணையிடுகிறவனுக்கு அதில் பொறுப்பு உண்டு.

நல்ல நோக்கமும் இப்பொறுப்பைக் குறைத்துவிடாது. 1945 மார்ச் 21-ல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், ஜெர்மன் ரகசியப் போலீஸின் தலைமையகத்தைப் பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கின. கேட்டுக்கொண்டவர்கள் அந்நாட்டு விடுதலை வீரர்களே. தாழப் பறந்த விமானம் ஒன்று கம்பத்தில் மோதி ஒரு பள்ளிக்கூடத்தின் அருகே விழுந்தது. எழுந்த புகையைக் குறி என்று எண்ணிப் பின்னால் வந்தவற்றில் சில அங்கே குண்டு போட்டன. 86 குழந்தைகள் இறந்தார்கள்.

1977-ல் ஏற்பட்ட ஜெனீவா உடன்படிக்கையின் துணை ஏற்பாடும், தாக்குமுன் குடிகளை எச்சரிக்க வேண்டும் என்கிறது. 'சந்தர்ப்பம் இடம் கொடாவிட்டால் ஒழிய' என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. நம் பையனின் கேள்வி அந்த விலக்கில்தான் ஒளிந்திருக்கிறது! ஆனால், குடிகளுக்கு மிதமிஞ்சிய சேதம் வரும் என்று தெரிந்தால் தாக்குதலை நிறுத்தவேண்டும் என்றும் அதே ஏற்பாடு விதிக்கிறது.

"தம்பி, நீ கேட்டது சரி. ஆனால் சொல்லாமல் அடிக்கிறவன், அந்த ஆள் தனித்திருக்கும் வரையில் காத்திருக்க வேண்டும். இன்றைய ஆளில்லா விமானம் மணிக்கணக்காக வட்டமிட்டுப் பார்க்க வல்லது. அவனைக் கண்ட கண்ணுக்கு அவன் பக்கத்தில் விளையாடும் குழந்தை மட்டும் தெரியாமற் போகுமா?" என்றேன்.

"காத்திருக்கும்போது அவன் இன்னும் பத்துப் பேரைக் கொன்றுவிட்டால், ஸார்?"

பையன் விடுவதாக இல்லை. இதற்குக் கணக்குப் புத்தகத்தில் விடை கிடையாது. எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றைத்தான் சொன்னேன்:

"அவன் ஒளிந்திருக்கும் வீட்டுக்கு அடுத்த வீடு உன் வீடாக இருந்தால், எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்வாய்? அவ்வளவு நேரம்."

இந்தத் தடவை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.