பிள்ளை பிறந்த கணக்கைச் சொல்லுங்கள்

பிள்ளைக்காக ஏங்கும் தம்பதியிடம், அவர்களின் வயதுக்கும் உடல்நிலைக்கும் உண்மையில் எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதைச் சொல்லாமல் சிகிச்சைக்குப் பணம் வாங்குவது பாவம். வாங்குபவர் எவ்வளவு பெயர்பெற்ற வைத்தியராக இருந்தாலும், கருத்தரிப்பு நிலையம் கொழும்பில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும், எமது தீர்ப்பு இதுதான். இதைத் தடுக்கச் சட்டம் இயற்றாத அரசுக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு.

யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையையும் புங்குடுதீவையும் நயினாதீவையும் நெடுந்தீவையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். தீவகத்தில் ஒரு சோடி பரிசோதனைக் குழாய் முறைச் சிகிச்சைக்குப் போவதென்றால் முழுக் குடும்பமும் அதில் இறங்குகிறது. காப்பும் சங்கிலியும் அடைவுக்குப் போகும். சீதனக் காணிக்கு விலை பேசப்படும். லண்டனிலும் கனடாவிலும் உள்ள சகோதரங்கள் காசு அனுப்புவார்கள். நயினை நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைப்பார்கள். நேர்த்திக்கு நம்பிக்கை போதும். விலை சொல்லி விற்கப்படும் சிகிச்சைக்குக் கணக்குக் கேட்டே ஆகவேண்டும்.

அந்தக் கணக்கு எங்கே வளைகிறது என்று பார்ப்போம். "எங்கள் வெற்றி 70 வீதம்" என்று ஒரு விளம்பரம் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எது வெற்றி? முளையத்தை (வளரத் தொடங்கிய கருவை) கருப்பையில் வைத்து ஏறத்தாழ இரண்டு கிழமையில் இரத்தப் பரிசோதனை கர்ப்பம் என்று காட்டினால் வெற்றியா? ஸ்கானில் இதயத்துடிப்புத் தெரிந்தாலா? பிள்ளை உயிரோடு கையில் கிடைத்தாலா? படிக்குப் படி எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும். ஊசி போடத் தொடங்கிய பெண்கள் எல்லோரையும் எண்ணினார்களா, முளையம் வைக்கும் கட்டம்வரை வந்தவர்களை மட்டும் எண்ணினார்களா? 28 வயதையும் 42 வயதையும் ஒன்றாகக் கூட்டினார்களா? பிரித்தானியத் தரவுகளின்படி 35 வயதுக்குக் குறைந்த பெண்களிலேயே, வைக்கப்படும் ஒரு முளையம் பிள்ளையாகப் பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். 43 வயதில், சொந்த முட்டை என்றால், அது இருபதில் ஒன்றளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த உண்மையைக் கேட்டபிறகும் முயன்று பார்க்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கு உண்டு. கேளாமல் முயல வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

பிரித்தானியா 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதற்கென ஓர் அதிகாரசபையை அமைத்தது. உரிமம் பெற்ற ஒவ்வொரு நிலையத்தின் பிறப்பு விவரத்தையும் அது பகிரங்கமாக வெளியிடுகிறது. அமெரிக்கா 1992இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. ஆக, லண்டனில் வாழும் தங்கை வீட்டிலிருந்தே பார்த்தறியும் விவரம், வேலணையில் வாழும் அக்காவுக்குக் காசு கட்டிய பின்னும் கிடைப்பதில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருக்கு இரண்டு நியாயமா?

உறையவைத்த முளையத்தைப் பிறிதொரு மாதத்தில் வைக்கும் முறையிலும் உண்மையைச் சொல்லும் கடமை உண்டு. கருப்பையின் உட்படலம் எந்த வழியில் தயார்படுத்தப்படுகிறது என்பது முக்கியம். மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்ணுக்கு அவளது இயற்கைச் சுழற்சியிலேயே முளையத்தை வைக்கலாம். ஆனால் வைக்கும் நாளை உடல்தான் தீர்மானிக்கும். பலமுறை ஸ்கானுக்குப் போகவேண்டும். ஹோர்மோன் மருந்து கொடுத்தால் நாளை முன்கூட்டியே குறிக்கலாம். நிலையத்துக்கும் வசதி, இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவருக்கும் வசதி. ஆனால் முட்டை வெளியேறாமல் முற்றாக மருந்தில் தங்கிய சுழற்சிகளில், கர்ப்பகாலத்தில் குருதியமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறும் நோய் கூடுதலாக வருவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நெடுந்தீவுப் பெண்ணுக்கு அப்படியொரு நிலை வந்தால், குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடல் கடந்து வந்த பிறகுதான் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி. அவளிடம் இதைச் சொல்லாமல் நாள் குறிப்பவர், அவள் உயிரைத் தம் நாட்காட்டிக்கு உட்படுத்துகிறார்.

எல்லா முளையங்களையும் உறையவைத்தால்தான் நல்லது என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. மாதவிடாய்ச் சுழற்சி ஒழுங்காக உள்ள பெண்களிலும், சூலக நீர்க்கட்டி நோய் (PCOS) இல்லாத பெண்களிலும் சீனாவிலும் வியட்நாமிலும் செய்து 2018இல் வெளியான இரு பெரும் ஆய்வுகளில், உறையவைத்ததால் பிள்ளைப்பேறு கூடவில்லை. கருப்பையின் உட்படலத்தைச் சுரண்டிவிடுவது போன்ற மேலதிகச் சேவைகளுக்குத் தனிப் பட்டியல் நீட்டுவோரிடம், இதனால் பிள்ளை பிறப்பது கூடியதற்கு ஆதாரம் என்ன என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டை நாடுவோர் இன்னொன்றையும் அறியவேண்டும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி முளையத்தைப் 10 ஆண்டுகள்வரைதான் சேமிக்கலாம். சொந்த முளையத்தையே நாட்டுக்கு வெளியே எடுத்துவர அங்குள்ள தேசிய சபையின் அனுமதி வேண்டும். முளையம் அங்கே இருக்க நீங்கள் போகமுடியாத நிலையும் வரலாம்: 2020இல் விமான நிலையங்கள் மூடப்பட்டதை மறந்துவிட வேண்டாம். சேமிப்புக் கட்டணம் தவறினால் என்ன நடக்கும், தம்பதியில் ஒருவர் இறந்தால் யாருக்கு உரிமை என்பதெல்லாம் கையெழுத்துக்கு முன்பே தமிழில் எழுத்தில் இருக்கவேண்டும்.

உறைந்த முளையத்திலிருந்து பிள்ளை பெறும் வரலாறு எங்கள் பக்கத்து நாட்டோடு தொடர்புடையது. 1978 அக்டோபர் 3இல் கொல்கத்தாவில் பிறந்த துர்க்கா, 53 நாள் உறைநிலையில் வைத்த முளையத்திலிருந்து பிறந்ததாக வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாய் அறிவித்தார். மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. அவமதிப்புத் தாங்காமல் 1981இல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அங்கே உண்மை சொன்னவரை அரசு தண்டித்தது. இங்கே உண்மையை மறைப்பவரை அரசு கேள்வியே கேட்பதில்லை.

குடும்பங்கள் மீதும் குற்றம் உண்டு. "இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்ற கேள்வி எப்போதும் பெண்ணை நோக்கியே வருகிறது. பிள்ளைப்பேறு தாமதிக்கும் தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது. மிக எளிய சோதனை விந்துப் பரிசோதனைதான். அதற்குக் கணவனை அனுப்பாமல் மருமகளை ஆண்டுக்கணக்கில் மருந்துக்கும் ஊசிக்கும் அலையவிடும் வீடு, அவளுக்குச் செய்வது கொடுமை.

இலங்கையில் இந்தச் சிகிச்சைக்கெனத் தனிச் சட்டம் இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை இருக்கிறது. ஒவ்வொரு கருத்தரிப்பு நிலையமும் தொடங்கிய சிகிச்சைகள் எத்தனை, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை என்பதை வயதுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட அது கட்டாயப்படுத்தவேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையில் இச்சிகிச்சை முழுமையாக இலவசமாகக் கிடைக்க அரசு நிதி ஒதுக்கவேண்டும். புதுமணத் தம்பதிகளின் வீடு தேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களின் கையில் கேட்கவேண்டிய கேள்விகளின் பட்டியல் ஒன்று இருக்கவேண்டும்.

அதுவரை எம் மக்களுக்குச் சொல்வது ஒன்றே: உங்கள் வயதுக்காரரில் எத்தனை பேருக்குப் பிள்ளை உயிரோடு பிறந்தது என்பதை எழுத்தில் தராத எந்த நிலையத்துக்கும் ஒரு சதம்கூட முற்பணம் கட்டாதீர்கள்.