விலை சொல்லாத வியாபாரி

செய்யூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடைத்தெருவில் சின்ன ஜவுளிக்கடை. கணவர் காலமான பிறகு அவரேதான் பார்த்துக்கொள்கிறாராம். பில் போடவும், இருப்புக் கணக்குப் பார்க்கவும், ஜி.எஸ்.டி. கட்டவும் ஒரு ஸாப்ட்வேர் வாங்கலாம் என்று கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார். ஒரு கம்பெனியின் பக்கத்தில் எல்லாம் இருந்தது. விலை மட்டும் இல்லை. "விலைக்கு எங்களைத் தொடர்பு கொள்ளவும்" என்று ஒரு பொத்தான்.

அழுத்தினார். அரை மணியில் போன். "மேடம், உங்களுக்கு எத்தனை கடை? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? மாதம் எவ்வளவு வியாபாரம்?" அம்மாள் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் வருமுன் அந்த ஆசாமி பத்துக் கேள்வி கேட்டுவிட்டார். கடைசியில் 48 ஆயிரம் என்றார். இவர் பேசாமல் இருந்தார். பத்து நாளில் அது 36 ஆயிரம் ஆயிற்று. மார்ச் 30-ம் தேதி, "நாளை மாலைக்குள் கட்டினால் 22 ஆயிரம்" என்று வந்தது. இவர் கட்டவில்லை. ஏப்ரலில் மறுபடி 36! "இதில் எது விலை? கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பிறகு அழக்கூடாதே" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. அரைக்கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தில்கூட அதிகபட்ச விலையை அச்சடித்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. இணையம் வழியாக வரும் ஸாப்ட்வேர் பொட்டலமல்லவே!

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விலையை மறைப்பது இவர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. வியாபாரிகளின் குழூஉக்குறி இலக்கணப் புத்தகத்திலேயே இடம் பிடித்த சமாசாரம். ஏன், நம் செய்யூர்ச் சகோதரி தம் கடைப் புடவைச் சீட்டின் மூலையில் இரண்டு எழுத்து எழுதி வைப்பாரே, கொள்முதல் விலை தமக்கு மட்டும் புரியும்படி? அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

ஆனால் புடவைக்கு ஓர் அடி விலை உண்டு. நூலும் கூலியும் இன்ன தொகை. அதற்குக் கீழே விற்றால் நஷ்டம். ஸாப்ட்வேருக்கு அந்த அடிதான் இல்லை. எழுதி முடிக்கக் கோடிக்கணக்கில் செலவாகியிருக்கலாம். ஆனால் எழுதியான பிறகு இன்னொரு பிரதி எடுக்க ஏறக்குறைய ஒன்றுமே ஆகாது. ஒரு காலத்தில் இதற்குத் தனி விலைகூட இல்லை. ஐ.பி.எம். கம்பெனி யந்திரத்தோடு சேர்த்தே ஸாப்ட்வேரைக் கொடுத்து வந்தது. 1969 ஜூனில்தான் இனிமேல் அதற்குத் தனி விலை என்று அறிவித்தது. அடி விலை இல்லாத சரக்கை எந்த விலைக்கும் கொடுக்கலாம். ஆகவே, "இதற்கு என்ன செலவாயிற்று" என்று அவர்கள் பார்ப்பதில்லை. "இந்த அம்மாளால் எவ்வளவு கொடுக்க முடியும்" என்றே பார்க்கிறார்கள். அந்தப் பத்துக் கேள்வியும் அதற்காகத்தான்.

ஆளுக்கு ஒரு விலை என்பதே அநியாயமா? அப்படியும் சொல்ல மாட்டேன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். 2018-ல் தொல்லியல் துறை கட்டணத்தை மாற்றியபோது இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டாருக்கு 600 ரூபாய் என்று வைத்தது. பதினைந்து மடங்கு! ஆனால் அதைப் பகிரங்கமாக அறிவித்தது. வெள்ளைக்காரத் துரைசானி முணுமுணுத்தாலும், தனக்கு முன்னால் போன வெள்ளைக்காரரும் அதே 600 கொடுத்தார் என்று அவளுக்குத் தெரியும். பலகை இல்லாமல் இதையே செய்தால்தான் எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொரு பயமும் அவர்களுக்கு உண்டு: போட்டிக்காரர். 2010-ல் அமெரிக்காவில் ஸெண்டெஸ்க் என்ற கம்பெனி தன் விலையை உயர்த்தியது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கூச்சலை இங்கே சென்னையில் ஒருவர் படித்தார், கிரீஷ் மாத்ருபூதம் என்று பெயர். அதே ஆண்டில் நண்பரோடு சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க் என்று போட்டிக் கம்பெனி தொடங்கினார். அதுவே ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. விலை வெளியே தெரிந்தால் இப்படியும் நடக்கும் என்று மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

நூறு கட்டில் ஆஸ்பத்திரிக்கோ தொழிற்சாலைக்கோ என்றால், விலை சொல்லாததற்கு வாஸ்தவமான காரணமும் இருக்கலாம். பழைய கணக்கை மாற்ற வேண்டும், ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பார்க்காமல் எப்படிச் சொல்வது? துணியைக் காட்டாமல் தையற்காரரிடம் கூலி கேட்ட மாதிரிதான். ஒரே கல்லாப்பெட்டி உள்ள ஜவுளிக்கடைக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

சின்ன விலைச் சரக்குக்குப் பேரம் பேச ஆள் வைத்தால் அந்த ஆளின் சம்பளத்துக்கே கட்டாது. அதனால்தான் சிறு கடைகளை நம்பிப் பிழைக்கும் கம்பெனிகள் விலையை வெளியே போட்டுவிடுகின்றன. உங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கிற ஸோஹோ தன் கணக்கு ஸாப்ட்வேரின் விலையைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. டாலியும் அப்படித்தான். அவற்றையே வாங்குங்கள் என்று சிபாரிசு செய்யவில்லை. அந்த விலைகளைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு பிறகு போனை எடுங்கள் என்கிறேன். உங்கள் குரலே மாறிவிடும்!

மார்ச் மாத மர்மமும் பெரிதல்ல. விற்பனை ஆளுக்கு வருஷத்துக்கு இவ்வளவு விற்க வேண்டும் என்று கணக்கு இருக்கும். மார்ச் 31-ல் வருஷம் முடிகிறது. அன்றைக்கு அவசரம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. 22 ஆயிரத்துக்குக் கொடுக்க முடிந்தது என்று அவரே சொல்லிவிட்டாரே! 36-ஐ மறந்துவிட்டு அங்கிருந்து கீழே பேசுங்கள்.

பேசும்போது தொகையை மட்டும் கேட்டால் போதாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. அதில் சேர்ந்ததா, அடுத்த வருஷம் புதுப்பிக்க எவ்வளவு, இரண்டாவது கம்ப்யூட்டர் வைத்தால் கூடுதலா என்று கேளுங்கள். இவற்றைவிட முக்கியம், நாளைக்கு வேண்டாம் என்று விலகினால் உங்கள் கணக்கு முழுவதையும் உங்கள் கையில் கொடுத்துவிடுவார்களா என்பது. கணக்கு அவர்களிடம் மாட்டிக்கொண்டால் முதல் வருஷத்துத் தள்ளுபடியை இரண்டாம் வருஷத்தில் வசூல் செய்துகொள்வார்கள். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது காற்றோடு போய்விடும்.

அந்த ஆசாமி எழுதித் தர மறுத்தால், தகவலை எனக்கு ஒரு கார்டில் போடுங்கள். எழுதித் தந்தால், தொகை எவ்வளவு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இதே மாதிரி இன்னும் மூன்று சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள்.