மூன்றாவது தகடு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பழைய பேப்பர்க்காரர் தராசும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே ஒரு கோணிப்பை. எட்டிப் பார்த்தேன். பைக்குள் பேப்பர் இல்லை. ஏறக்குறைய இருநூறு சினிமாத் தகடுகள்! வி.சி.டி.யும் டி.வி.டி.யுமாக, நண்பருடைய தகப்பனார் பத்துப் பன்னிரண்டு வருஷ காலம் கடை கடையாக ஏறி இறங்கிச் சேர்த்தவை. பெரியவர் காலமாகி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"பரணைச் சுத்தம் பண்றோம். போட்டுப் பார்க்கிற மெஷினே வீட்டில் இல்லை. எல்லாப் படமும்தான் போனிலேயே வருதே! இதை வெச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்றார் நண்பர்.

பேப்பர்க்காரர் நியாயஸ்தர். "பிளாஸ்டிக் விலைதான் சார் போட முடியும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

நண்பர் படித்தவர், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர். என் நாவல்களைக் காசு கொடுத்து வாங்கும் அபூர்வப் பிறவிகளில் ஒருவர். தகப்பனாரின் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரி செய்து ஹாலில் வைத்திருக்கிறார். அதே தகப்பனார் அதே ஆசையோடு சேர்த்த படங்களுக்கு மட்டும் கோணிப்பை! இந்தப் பாரபட்சத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. 'எல்லாம்தான் போனில் வருகிறதே' என்று நம்மில் யார்தான் சொல்லவில்லை? நானே சொல்லியிருக்கிறேன். சொன்னதற்குத் தண்டனையும் அனுபவித்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் சிறு வயதில் டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்த படம் ஒன்று உண்டு. அதில் ஒரு காட்சியை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். விதவையான அக்காள் தம்பியின் படிப்புக்காகத் தன் சங்கிலியை விற்றுவிட்டு வருகிறாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்த தம்பி, "சங்கிலி எங்கே அக்கா?" என்று கேட்கிறான். "பெட்டியில் இருக்கிறது, நீ சாப்பிடு" என்கிறாள். அவ்வளவுதான் காட்சி. அன்று கொட்டகையில் என் தாயாரின் பக்கத்தில் இருந்தவர் அவருடைய சொந்த அக்காள், எங்கள் பெரியம்மா. அந்த இடம் வந்தபோது பெரியம்மா தன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாராம். ஏன் என்று கேட்கும் வயசு அப்போது அம்மாவுக்கு இல்லை.

அம்மாவின் கடைசிக் காலத்தில் அந்தப் படத்தைப் போனில் தேடிப் போட்டுக் காட்டினோம். காட்சி வரவில்லை. கடையில் டி.வி.டி. வாங்கிப் போட்டோம். அதிலும் இல்லை. அப்போது அம்மாவுக்கு ஞாபக மறதி ஆரம்பித்திருந்தது. "வேறே ஏதாவது படமா இருக்கும்மா" என்று நான் சொன்னேன். என் தம்பி சிரித்தான். அம்மா ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காட்சியைப் பற்றி எங்களிடம் அவர் பேச்செடுத்ததும் இல்லை.

சில மாதம் கழித்து, ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். பழைய படத் தகடுகள் சேகரிப்பதில் பெரும் பித்தர். பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்களிடம் இருப்பது இரண்டு தகடா, மூன்று தகடா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார்.

வி.சி.டி. ஒன்றில் சுமார் 74 நிமிஷம்தான் பதிக்கலாம். இரண்டு தகடு என்றால் 148 நிமிஷம். நம்முடைய பழைய படங்களோ மூன்று மணி நேரத்தைச் சர்வ சாதாரணமாகத் தொடுபவை. மூன்று தகடு போட்டால் முழுப்படமும் அடங்கும். ஒரு தகட்டின் செலவை மிச்சம் பிடிக்க விரும்பிய நிறுவனம் என்ன செய்யும்? கத்தரிக்கோலை எடுக்கும். இப்படி நறுக்கியதை மூலமாக வைத்துக்கொண்டுதான் பிற்பாடு டி.வி.டி. போட்டார்கள், அதையே போனிலும் ஏற்றிவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழியும் சொல்லிக் கொடுத்தார். படத்தின் தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வருகிறதல்லவா? அதில் படத்தின் நீளம் போட்டிருக்கும். தியேட்டர் பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். அடிக்கணக்கை 90-ஆல் வகுத்தால் நிமிஷம் வந்துவிடும். டெலிவிஷன் முறைக்கு மாற்றும்போது வேகம் சற்றுக் கூடுவதால் நூற்றுக்கு நாலு நிமிஷம் குறையலாம். அதற்கு மேல் குறைந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். என் தாயார் பார்த்த படத்தின் சான்றிதழில் 16,200 அடி. அதாவது 180 நிமிஷம். வேகக் கணக்கைத் தள்ளினால் 173. எங்களிடம் இருந்ததோ சொல்லி வைத்தாற்போல் 148! இருபத்தைந்து நிமிஷத்தை வெட்டிவிட்டு, உறையில் 'முழுநீளத் திரைப்படம்' என்று அச்சடித்திருந்தார்கள்.

பெரியவரிடம் முந்திய பதிப்பு, மூன்று தகடு உள்ளது, இருந்தது. இரவல் கேட்டேன். "வீட்டை விட்டு வெளியே அனுப்புவதில்லை" என்று கையை விரித்துவிட்டார். ஆகவே அம்மாவை ஆட்டோவில் வைத்து அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். மூன்றாவது தகட்டில் அந்தக் காட்சி வந்தது. சங்கிலி, சாப்பாடு, பொய் எல்லாம் அம்மா சொன்ன வரிசையில், சொன்ன வார்த்தையில் இருந்தன. அம்மா என் பக்கம் திரும்பி, "நான் சொன்னேன் இல்லே?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

படத்தின் பெயரை நான் சொல்லவில்லை. சொன்னால் தகடு போட்ட நிறுவனத்தைச் சொன்னதாகிவிடும். இது ஒரு நிறுவனத்தின் தவறு மட்டுமல்ல என்பதால் அது நியாயமாகாது.

இப்போது என் கட்சி என்னவென்று வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டுப் பரணில் கிடக்கும் தகடு வெறும் பிளாஸ்டிக் அல்ல. அது ஒரு பிரதி. ஒரு பிரதியில் இல்லாதது இன்னொரு பிரதியில் இருக்கலாம். உ.வே. சாமிநாதையர் 1887-ம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்றால், அதற்குமுன் ஊர் ஊராகப் போய் ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாட பேதம் குறித்துப் பாடுபட்டார். "எங்கள் ஊரில்தான் ஒரு ஏடு இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று அவர் நினைத்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? இரண்டு தகட்டையும் மூன்று தகட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ரயில்வேக்காரர் செய்ததும் பாட பேதம் பார்க்கிற வேலைதான். அவரைப் பைத்தியம் என்று அவருடைய தெருவே சொல்லிற்று.

"சினிமாவைச் சிந்தாமணியோடு ஒப்பிடலாமா?" என்று சில பண்டிதர்கள் முகம் சுளிக்கலாம். நான் தரத்தை ஒப்பிடவில்லை, அழிவை ஒப்பிடுகிறேன். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் என்று சொல்லப்படும் நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. தமிழ் ஒலித்த முதல் பேசும்படமான 'காளிதாஸ்', டி.பி. ராஜலட்சுமி நடித்து 1931-ல் வந்தது, அதுவும் இல்லை. கறுப்பு வெள்ளை பிலிமில் வெள்ளி இருக்கிறது. அந்தச் சொற்ப வெள்ளியை எடுப்பதற்காகப் பழைய பிலிம் சுருள்களை விற்றுத் தீர்த்திருக்கிறார்கள். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டதே 1964-ல்தான். அதற்குள் போனது போனதுதான். நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற 1933-ம் வருஷத்து மௌனப் படம் பிழைத்ததே ஒரு வேடிக்கை. நாவலின் உரிமை தங்களுடையது என்று திருவனந்தபுரத்துப் பதிப்பகத்தார் வழக்குப் போட்டார்கள். படப்பெட்டி அவர்கள் வசமாயிற்று. 1974-ல் காப்பகம் அதைப் பெற்றுக்கொண்டது. ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். வழக்கில் மாட்டிக்கொண்டதால் தப்பித்தது! கலைச் செல்வத்தைக் காப்பாற்ற நமக்கு வழக்குத்தான் கதி என்றால் இதைவிட வெட்கக்கேடு உண்டா?

"பழைய படத்தை யார் பார்க்கிறார்கள்?" என்பது அடுத்த கேள்வி. 1964-ல் வந்த 'கர்ண'னைச் சுத்தம் செய்து 2012-ல் திரும்பவும் தியேட்டரில் போட்டபோது ஜனங்கள் கூட்டமாக வந்தார்கள். அது ராஜ வம்சத்துக் கதை; அதை விட்டுவிடுவோம். எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்த 'அந்த நாள்' 1954-ல் வந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை. கதாநாயகன் சிவாஜி கணேசன் படம் தொடங்கியதும் செத்து விழுகிறான். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943-ம் வருஷத்தை வைத்துப் பின்னிய கொலைக் கதை. அன்றைக்குப் படம் சரியாக ஓடவில்லை. நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே தியேட்டரை விட்டுப் போய்விட்ட படம் அது. ஒரு நடைபாதைக் கடையில் தகடாக வாங்கிவந்து, இரவு பத்து மணிக்குப் போட்டு, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். ஒரே கொலையைப் பல பேர் வாயால் சொல்ல வைத்து, ஒவ்வொரு முறையும் இறந்தவனையே வேறு மனிதனாகக் காட்டும் அந்த வித்தையை, கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் அன்று கற்றுக்கொண்டேன். தியேட்டர் தோற்கடித்த படத்துக்கு வீட்டு அலமாரி மறு விசாரணை நடத்திற்று.

இனி, எதிர்க்கட்சிகளைப் பார்ப்போம்.

உரிமைக்காரர்களே! நீங்கள் கதையை வெட்டிப் பாட்டை விற்கிறீர்கள்; பாட்டை வெட்டிக் கதையை விற்கிறீர்கள். பழைய படம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சதுரமாக எடுத்தது. புது டெலிவிஷன் அகலமாக இருக்கிறது என்பதற்காகப் படத்தின் மேலும் கீழும் கால் பாகத்தைச் சீவி எறிகிறீர்கள். நடிகரின் நெற்றியும் போச்சு, நாட்டியக்காரியின் பாதமும் போச்சு! மிச்சமிருக்கும் முகத்தின்மேல் உங்கள் கம்பெனி முத்திரை வேறு. ஒரு பதிப்பாளர் என் நாவலில் நாலு அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு 'முழு நாவல்' என்று விற்றால் நான் வழக்குப் போடுவேன். செத்துப்போன டைரக்டர் எங்கே போய் வழக்குப் போடுவார்?

சேகரிப்பாளர்களே! நீங்கள் காப்பாற்றுகிறீர்கள், வாஸ்தவம். ஆனால் பூட்டி வைப்பது காப்பாற்றுவது ஆகுமா? நல்ல வேளையாக என் தாயாருக்கு ஆட்டோவில் ஏறி வர அன்று காலில் தெம்பு இருந்தது. தெம்பில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? தகடும் சிரஞ்சீவி அல்ல. உள்ளிருக்கும் அலுமினியப் பூச்சில் காற்றுப் பட்டால் அரிக்கும். வீட்டில் பதிவு செய்த தகட்டில் சாயமே வெளுத்துவிடும். ஒருவர் பெட்டியில் ஒன்றாக இருப்பதைவிடப் பத்துப் பேர் வீட்டில் பத்தாக இருப்பதே பத்திரம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. புத்தகம் அச்சிட்டால் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்பியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதுவும் 'அந்த நாள்' வந்த அதே 1954-ம் ஆண்டில் வந்த சட்டம்! எல்லாப் படங்களையும் அப்படிக் கட்டுப்படுத்தும் சட்டம் மட்டும் இல்லை. படம் வெளியாகி 60 வருஷம் ஆனால் உரிமை பொதுச் சொத்தாகிறது. ஆனால் சுருள் யாருடைய கிடங்கில் இருக்கிறதோ அவர் கதவைத் திறந்தால்தானே பொது ஜனத்துக்கு அந்தச் சொத்து? படத்துக்கும் பிரதி கேளுங்கள். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு படத்தின் உறையிலும், மூல நீளம் இவ்வளவு, இதில் இருப்பது இவ்வளவு என்று அச்சிடச் சொல்லுங்கள். கடலை எண்ணெய்க்கு அளவு போடுகிற நாட்டில் கலைக்கு அளவு போடக் கூடாதா?

போனில் படம் பார்க்கிற நேயர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாருங்கள். ஆனால் அது உங்களுடையது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிடுவார்கள். இருப்பதும் முழுசா, மூளியா என்று உங்களுக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி இருந்தால்தானே தெரியும்? அந்த இன்னொரு பிரதி ஒருவேளை உங்கள் பரணில் இருக்கலாம்.

நண்பர் வீட்டுக் கோணிப்பையை நான் வாங்கிக்கொண்டேன். பேப்பர்க்காரருக்கு நஷ்டம் வராமல் ஏதோ கொடுத்தேன். நண்பருக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. ஒரு படத்தை மட்டும், "அப்பாவுக்குப் பிடிச்சது" என்று திரும்ப எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன். மூன்று தகட்டுப் பெட்டிகள் பதினேழு இருந்தன. ஒன்றில் மட்டும் மூன்றாவது தகடு இல்லை. பெரியவர் யாருக்கோ இரவல் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. இதைப் படிப்பவர்களில் யாரிடமாவது அது இருந்தால், திருப்பித் தர வேண்டாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அது போதும்.