சூடு நிஜமா, சென்சார் பொய்யா?

"எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். உறுப்பினர்களின் நிலக்கடலை எடை, பட்டுவாடா கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மூடியைக் கழற்றி, புளோயர் வைத்துத் தூசியை ஊதினோம். பூஜை முடிந்து ஆன் செய்தால், 'தெர்மல் சென்சார் எரர்' என்று வருகிறது. எஃப்-1 அழுத்தினால் வேலை செய்கிறது. ஆனால், உள்ளே ஃபேன் மாவு மில் போல இரைகிறது. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?"

கலசப்பாக்கம் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்ட கேள்வி இது. சிவப்புக் கம்பளிப்புழுவுக்கு மருந்து கேட்கும் கடிதங்களுக்கு நடுவே இப்படி ஒன்று வந்ததும் சிரித்துவிட்டேன். நான் படித்தது வேளாண்மை. கம்ப்யூட்டர் பழகியது அலுவலகத் தேவைக்காக. ஆனாலும் இந்தக் கேள்வியைத் தள்ள மனம் வரவில்லை. காரணம், இதே போன்ற எச்சரிக்கையை அலட்சியப்படுத்தி ஒருமுறை பட்டிருக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், தினமும் காலையில் கம்ப்யூட்டர் சூடு பற்றி எச்சரிக்கும். நாங்களும் தினமும் எஃப்-1 அழுத்தி அதன் வாயை அடைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஒரு சித்திரை மாத மதியம், மானியப் பட்டியலைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது பட்டென்று அணைந்தது. திரும்ப ஆன் செய்தபோது அந்தப் பட்டியல் திறக்கவே இல்லை. மூன்று ஊர் விவசாயிகள் மறுபடியும் சிட்டா, அடங்கல் நகல்களோடு வெயிலில் வந்து நின்றார்கள். தப்பு எங்களுடையது, அலைச்சல் அவர்களுடையது. மூடியைத் திறந்து பார்த்தால், ஃபேன் சுற்றவே இல்லை. அன்று வந்தது நிஜமான சூடு.

உங்கள் கதை வேறு மாதிரி தெரிகிறது. வேங்கிக்காலில் எனக்குத் தெரிந்த சர்வீஸ் தம்பி ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டருக்குள் சூட்டை அளக்க ஒரே ஒரு சென்சார் இல்லை. ப்ராசசருக்கு உள்ளேயே ஒன்று இருக்கும். அதை நாம் தொட முடியாது. மதர்போர்டில் இருக்கும். அலுவலகங்களுக்கென்று விற்கப்படும் சில மாடல்களில், பெட்டியின் உள்காற்றை அளக்க மெல்லிய ஒயரின் நுனியில் மிளகு அளவுக்கு ஒன்று தனியாக இருக்கும். சூடு ஏற ஏற மின்தடை குறைகிற பொருளால் செய்தது அது. அந்த ஒயரின் பிளக் கழன்றுவிட்டால், மதர்போர்டுக்குச் சூடு எவ்வளவு என்றே தெரியாது. தெரியாதபோது அது என்ன செய்யும்? பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடும். உங்கள் மாவு மில் சத்தத்துக்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அதுவும் சுத்தம் செய்த கையோடு வந்த கோளாறு என்பதால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒயரை, மதர்போர்டை அல்ல.

அதற்காக, 'சென்சார்தான் பொய் சொல்கிறது' என்று கண்ணை மூடிக்கொண்டும் முடிவு செய்யக் கூடாது. இந்த வரிசையில் பாருங்கள்.

1. முதல் வேலை, கணக்குகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

2. இரவு முழுக்க அணைத்து வைத்த கம்ப்யூட்டரைக் காலையில் ஆன் செய்து, பயாஸ் பக்கத்துக்குள் செல்லுங்கள். மாடலைப் பொறுத்து எஃப்-1, எஃப்-2, எஃப்-10, டெலீட் இவற்றில் ஒன்று அதற்கான பட்டன். பல மாடல்களில் அங்கே வெப்பநிலை எண்கள் தெரியும். அறையில் ஒரு சாதாரண வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். இரவெல்லாம் ஓய்ந்திருந்த பெட்டி, அறையின் வெப்பத்தைவிடக் குளிர்ந்திருக்க வழியே இல்லை. அறை 30 டிகிரி இருக்கும்போது பூஜ்யம் என்றோ, மைனஸ் என்றோ காட்டினால் அது சென்சார் கோளாறு. ஆன் செய்த நொடியிலேயே 120 என்று காட்டி, அசையாமல் நின்றாலும் அப்படித்தான். அறை வெப்பத்தை ஒட்டித் தொடங்கி, மளமளவென்று ஏறிக்கொண்டே போனால் அது நிஜமான சூடு. பெரும்பாலான ப்ராசசர்களுக்கு 100 டிகிரியை ஒட்டித்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும்.

3. அணைத்துவிட்டு, மின்சார ஒயரைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் வடிந்துவிடும். மூடியைத் திறந்து, முன்பக்க ஃபேன் அருகே மெல்லிய ஒயர் ஏதாவது தொங்குகிறதா, ஃபேன் பிளக் பாதி கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் உள்பக்கத்தில் பெரும்பாலும் படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துச் சரியான இடத்தில் செருகுங்கள். உத்தேசமாக எங்கேயும் செருக வேண்டாம்.

4. செருகிய பிறகும் பிழை வந்தால், ஒயர் அறுந்திருக்கலாம். மாடல் எண்ணைச் சொல்லி அந்தச் சென்சாரை மட்டும் வாங்குங்கள். மதர்போர்டு விலையோடு ஒப்பிட்டால் அது சொற்பம். அதுவும் பலிக்காவிட்டால்தான் மதர்போர்டு பற்றிப் பேச்சு.

5. நிஜமான சூடு என்று தெரிந்தால் தூசி, சுற்றாத ஃபேன், ப்ராசசர் மேல் காய்ந்துபோன பசை இவைதான் வழக்கமான காரணங்கள். பசையை மாற்ற மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எதைச் செய்தாலும், பயாஸில் அந்த எச்சரிக்கையை மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். நாய் குரைக்கிறது என்று நாயைக் கட்டிப்போட்டால், திருடன் வரும் இரவிலும் அமைதியாகத்தான் இருக்கும்.

சென்சார் பொய் சொல்வது சாதாரண விஷயம்தான். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி என்று காட்டியது. நாடே பரபரத்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை அப்படியே நம்பவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. தரமான கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்து, சென்சார் சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று அறிவித்தது. நாமும் செய்ய வேண்டியது அதுதான்: இரண்டாவது கருவியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

இது கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல. கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டரில் 37.5 டிகிரி என்று திரை காட்டும். உள்ளே 39 இருந்தால் கருக்கள் செத்துப்போகும். பழி முட்டை கொடுத்தவர் மேல் விழும். உள்ளே சாதாரண வெப்பமானி ஒன்றை வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். காளான் குடில், பால் குளிர்விப்பான் எல்லாவற்றுக்கும் இதே பாடம்தான்.

கடைசியாகச் சுத்தம் செய்வது பற்றி. கடலை உடைக்கும் இயந்திரம் ஓடும் இடத்தில் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். அந்தத் தொலித்தூசி நுழையாத இடமே இல்லை. தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள். ஊதும்போது புளோயரைத் தள்ளிப் பிடித்து, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வையுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

இதை எழுதி முடிக்கும் முன்பு அந்த வாசகருக்கு போன் செய்து, திறந்து பார்க்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். "ஐயா, ஒரு கறுப்பு ஒயர் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. படத்தைப் பார்த்துச் செருகிட்டேன். எரரும் இல்லை, சத்தமும் இல்லை" என்றார். "பென் டிரைவில் நகல் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. "இன்னிக்கு எடுத்துடறேன் ஐயா" என்றார்.

உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.