பூனைக்கும் ஒரு கடவுச்சீட்டு

எமது அயலிலே வாழ்ந்த குடும்பமொன்று சில ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் முன்னரே அங்கு சென்றிருந்தார். தாயும் பத்து வயது மகளும் புறப்படுவதற்கு மூன்று வாரமே இருந்தபோது, ஒரு மாலைப் பொழுதில், அச்சிறுமி தன் பூனையை மார்போடு அணைத்தபடி எமது விறாந்தைக்கு வந்தாள்.

"மாமா, பூனைக்கும் பாஸ்போட் எடுக்கலாமோ?" என்று வினவினாள்.

நாம் நகைத்தோம். "படம் பிடிக்கும்போது அதன் மீசையை யார் சீவிவிடுவது?" என்று விளையாட்டாக ஒரு சொல்லும் சொன்னோம். சிறுமி நகைக்கவில்லை. படலையைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவர்கள் சென்ற பின்னர் பூனை எம்மிடம் வந்து சேர்ந்தது. பால் வைத்தோம், மீன் வைத்தோம். அதுவோ மூன்று நாள் தன் பழைய வீட்டின் பூட்டிய கதவின் முன்னேயே கிடந்தது. நான்காம் நாள் பசி வென்றது. பிறருக்குப் பாடஞ் சொல்லும் நாம், ஒரு குழந்தை கேட்ட நியாயமான கேள்விக்கு விடை அறியாமையை நகைப்பினால் மறைத்துவிட்டோமே என்ற எண்ணம் எம்மை உறுத்தியது. அதன் பின்னரே விடையைத் தேடினோம். பூனையையும் அழைத்துச் செல்லலாம். ஆனால் மூன்று வாரத்தில் அன்று. இதுவே நாம் கண்ட விடை.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2004 ஆம் ஆண்டு முதல் நாய்க்கும் பூனைக்கும் உண்மையாகவே கடவுச்சீட்டு உண்டு. இலங்கையிலிருந்து இங்கிலாந்து செல்லும் பூனைக்கு அந்தச் சிறு நூல் கிடையாது. சுகாதார அத்தாட்சிப் பத்திரமே அதன் கடவுச்சீட்டு. அதைப் பெறுவதற்குள்ள நிபந்தனைகளோ மனிதருக்குரியவற்றிலும் குறைந்தனவல்ல.

ஒரு பூனைக்கு ஏன் இத்துணைக் காவல் என்று கேட்கலாம். காரணம் நீர்வெறுப்பு நோய். விசர் நாயினால் வருவது என்று நாம் அஞ்சும் இந்நோய் பூனையினாலும் வரும். அறிகுறி தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. பிரித்தானியா 1902 ஆம் ஆண்டளவில் இதனைத் தன் மண்ணிலிருந்து ஒழித்தது. முதலாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய போர்வீரர் சிலர் நாய்களைக் கள்ளமாகக் கொண்டுவந்தமையால் 1918 இல் நோய் மீண்டும் தலைகாட்டியது என்பர். 1922 இல் மறுபடியும் ஒழிந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் விலங்கை ஆறு மாதம் காவலில் வைக்கும் வழக்கம் அந்த அச்சத்தினால் வேரூன்றியது. அக்காவலும் முழுப் பாதுகாப்பு அளிக்கவில்லை. ஆறு மாதக் காவலை முடித்து வெளிவந்த நாயொன்று 1969 இல் கேம்பர்லி என்னும் ஊரிலே நோய்கொண்டு மனிதரைக் கடித்தது. பின்னர் விஞ்ஞானம் வளர்ந்தது. 2000 ஆம் ஆண்டில் பிரித்தானியா, தடுப்பூசியையும் இரத்தப் பரிசோதனையையும் கொண்டு காவலைத் தவிர்க்கும் திட்டத்தைத் தொடங்கியது.

இன்றைய ஒழுங்கு இதுதான். முதலில், நெல்மணி அளவான ஓர் அடையாளச் சில்லைப் பூனையின் தோளிடையே தோலின் கீழ்ச் செலுத்துவர். அதிலே பதினைந்து இலக்கங்கொண்ட எண் இருக்கும். அதன் பின்னரே தடுப்பூசி. பூனைக்குக் குறைந்தது 12 வாரம் நிரம்பியிருத்தல் வேண்டும். இந்த வரிசை மாறினால் ஊசி கணக்கிற் கொள்ளப்படாது. எந்தப் பூனைக்கு ஊசி போடப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டுமல்லவா? ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்துக்கு அனுப்புவர். நோயெதிர்ப்பு ஒரு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகேனும் இருத்தல் வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருத்தல் வேண்டும். ஊசிக்கு முன்னரே நோய் உடலினுள் புகுந்திருந்தால், அது வெளிப்படுவதற்கு விடும் தவணை அது. ஆக, நான்கு மாதம் கழிந்துவிடும். இவற்றிலே தவறினால், பூனை அங்கு சென்றபின் நான்கு மாதம்வரை உடையவர் செலவிற் காவலிருக்க நேரும். அன்றேல் திருப்பி அனுப்பப்படும்.

இன்னுமொன்று: பூனை செல்லும் நாளுக்கு முன்போ பின்போ ஐந்து நாளுக்குள் உடையவரும் பயணஞ் செய்தல் வேண்டும். "நாங்கள் முன்னே போகிறோம், பூனை ஆறுதலாக வரட்டும்" என்பது வாய்க்காது. அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் விதிகள் வேறு. அங்கே மெல்பேர்ணுக்கு அருகிலுள்ள அரசாங்கக் காவலிடத்தில் பூனை குறைந்தது 10 நாள் தங்கவேண்டும். ஆதலால் செல்லும் நாட்டின் விதியை அந்நாட்டு அரசாங்கத்திடமும், எமது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்திடமும் நேரே கேட்டறிவதே முறை.

சட்டம் இவ்வாறிருக்க, பூனையின் மனத்தையும் எண்ணவேண்டும். நாய் ஆளைச் சேர்ந்தது, பூனை வீட்டைச் சேர்ந்தது என்பர் பெரியோர். கன்னத்தைத் தூணிலும் கதவிலும் உரைசி, தன் வாசனையை இட்டு, "இது என் இடம்" என்று அது எழுதிவைக்கிறது. அந்த எழுத்தெல்லாம் ஒரே நாளில் அழிந்தால் அது கலங்காதிருக்குமா? எனவே பயணக் கூட்டைப் பல வாரத்துக்கு முன்னரே வீட்டில் திறந்து வைத்து, அதனுள் உணவூட்டிப் பழக்குதல் நன்று. எழுந்து நிற்கவும், திரும்பவும், நீட்டிப் படுக்கவும் அதில் இடம் இருத்தல் வேண்டும். வீட்டு மணம் மாறாத பழந்துணியொன்றை உள்ளே இடலாம். மயக்க மருந்து கொடுத்து விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. புது வீட்டிலே முதலில் ஓர் அறை மட்டும் போதும்; சில வாரம் கழிந்த பின்னரே வெளியே விடவேண்டும்.

எல்லாப் பூனையும் பயணத்துக்கு உரியதென்று நாம் சொல்ல வரவில்லை. முதுமையுற்றதும் நோயுற்றதும் இங்கேயே, தனக்குப் பழகிய கையிலே இருப்பது நலமாகலாம். செலவும் சிறிதன்று, எல்லாராலும் இயலாது. இயலாமை குற்றமாகாது. புறப்படும் நாளன்று சாக்கிலே கட்டிக் கோயிலடியிலோ சந்தையடியிலோ விட்டுவருவதே குற்றம். கொண்டுசெல்வதாயினும் விட்டுச்செல்வதாயினும், விசாவுக்கு விண்ணப்பிக்கும் அன்றே முடிவு செய்தல் வேண்டும். விட்டுச்செல்வதாயின், பொறுப்பேற்பவர் வீட்டிற் பூனை பழகுவதற்கும் அந்த நான்கு மாதம் உதவும்.

அந்தப் பூனை இன்று எமது திண்ணையிலே கிழப் பருவம் எய்திப் படுத்திருக்கிறது. தூரதேசத்திலிருந்து பேசும்போதெல்லாம் அப்பிள்ளை முதலில் அதன் சுகத்தையே விசாரிக்கிறாள். பின்னரே எமது சுகம். அவள் எம்மைக் குறை கூறியதில்லை. அதுவே எமக்குப் பெருங் குறை. உங்கள் வீட்டுக் குழந்தை அக்கேள்வியைக் கேட்டால் நகையாதீர்கள். நாட்காட்டியை எடுத்து அவளருகே அமருங்கள்.