கல்லாவில் உள்ளதெல்லாம் நமதா?

வட்டியை விலக்கிய வல்ல நாயன், வாணிபத்தை நமக்கு ஆகுமாக்கித் தந்திருக்கிறான். அகிலத்தின் அருட்கொடையாம் அண்ணல் நபி (ஸல்) அவர்களே, நபித்துவம் அருளப்பெறுமுன் வணிகராக விளங்கியவர்கள். மக்கத்துக் குறைஷியர் அவர்களை ‘அல் அமீன்’, அதாவது நம்பிக்கைக்குரியவர் என்று அழைத்தனர். கி.பி. 622-இல் ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையிலே, தம்மைக் கொல்லக் காத்து நின்ற ஊராரின் அமானிதப் பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்காக அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். பகைவரின் பொருளாயினும் பிறர் பொருள் பிறர் பொருளே என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலுமா?

அந்த நபியின் உம்மத்தினராகிய நாம், இரவில் கடையடைக்கும்போது கல்லாப் பெட்டியிலுள்ள பணத்தை எண்ணுகிறோம். அதில் எவ்வளவு நம்முடையது என்று எண்ணுகிறோமா? சரக்கு கொடுக்குமுன் வாடிக்கையாளர் தந்த முன்பணம் அதில் இருக்கிறது. அரசுக்காக அவரிடம் வாங்கிய வரியும் இருக்கிறது. இவ்விரண்டையும் விற்பனை வருமானத்தோடு சேர்த்துக் குவித்துவிட்டு, “இன்று நல்ல வியாபாரம்” என்று மகிழ்வது, கணக்குப் பிழை மட்டுமன்று. மார்க்கம் கேள்வி கேட்கும் பிழையுமாகும்.

வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே, ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் இருக்கிறது ஊரப்பாக்கம். அச்சாலையின் பெயரிலுள்ள மூன்றெழுத்தும் 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியின் மூன்றெழுத்தும் ஒன்றாக அமைந்தது வெறும் தற்செயலே. எனினும், புது வீடுகள் பெருகிவரும் இத்தகைய புறநகர்களில் கட்டிலுக்கும் பீரோவுக்கும், பந்தலுக்கும் பிரியாணிக்கும் அச்சாரம் வாங்கித் தொழில் நடத்தும் சகோதரர்களுக்கு இந்த மூன்றெழுத்து அன்றாட விவகாரம்.

முதலில் முன்பணத்தைப் பார்ப்போம். நபிகள் நாயகம் (ஸல்) மதீனா வந்தபோது, அவ்வூரார் ஓராண்டு, ஈராண்டு கழித்து விளையப்போகும் கனிகளுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்தனர். அண்ணலார் அதைத் தடை செய்யவில்லை. அளவும் எடையும் தவணையும் இன்னவென்று நிச்சயித்துக் கொள்ளும்படி நெறிப்படுத்தினார்கள். இதையே ‘ஸலம்’ என்று சட்ட நூல்கள் கூறும். அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், திருமறையிலேயே மிக நீண்ட வசனம், தவணைக் கடனை எழுதி வைக்கப் பணிப்பது. அது ஸலம் வாணிபம் குறித்தே இறங்கியதென்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கியதாக அறிவிப்பு உண்டு. கைக்குக் கை மாறும் ரொக்க வியாபாரத்தை எழுதாவிட்டால் குற்றமில்லை என்று அவ்வசனமே சலுகை தருகிறது. தவணையுள்ள கொடுக்கல் வாங்கலிலோ, தொகை சிறிதாயினும் பெரிதாயினும் சோம்பாமல் எழுத வேண்டும் என்கிறது. முன்பணம் கைக்குக் கை முடிந்துபோன வியாபாரமா? இல்லையே! ஆகவே அதை எழுதுவது நம் கடமையாகிறது.

எப்படி எழுதுவது? ஓர் உதாரணம் கொள்வோம். மகளின் திருமணத்துக்காக ஒருவர் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மரச்சாமான் செய்யச் சொல்லி 30,000 ரூபாய் அச்சாரம் தருகிறார். 18 விழுக்காடு வரியும் சேர்த்து மொத்தம் 1,18,000 ரூபாய். அன்றைய குறிப்பேட்டில் ரொக்கம் வரவு 30,000 என்று எழுதி, பேரேட்டில் ‘வாடிக்கையாளர் முன்பணம்’ என்ற தனிப்பக்கத்தில் அவர் பெயரில் அத்தொகையைப் பதிய வேண்டும். விற்பனைப் பக்கத்துக்கு அது போகக் கூடாது. ஐந்தொகையில் அதன் இடம், நாம் கொடுக்க வேண்டிய பொறுப்புகளின் வரிசையிலேயாகும். சாமானை ஒப்படைத்து விலைப்பட்டியல் கொடுக்கும் நாளில்தான் விற்பனை ஒரு இலட்சம் என்றும், வரி 18,000 (மத்திய அரசுக்கு 9,000, மாநில அரசுக்கு 9,000) என்றும் எழுதி, முன்பணப் பக்கத்தை நேர் செய்து, மீதி 88,000 ரூபாயைப் பெற வேண்டும்.

சட்டத்தின் நிலையும் அறியத்தக்கது. சரக்குக்கு வாங்கும் முன்பணத்தின்மீது அப்போதே வரி கட்ட வேண்டியதில்லை என்று, இணக்கத் திட்டத்தில் சேராத பதிவு பெற்ற வணிகர்களுக்கு 2017 நவம்பர் 15 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. சேவைக்கு இவ்விலக்கு இல்லை. மண்டப வாடகைக்கு 11,800 ரூபாய் முன்பணம் வாங்கினால், 18 விழுக்காட்டுக் கணக்கில் அதற்குள்ளேயே 1,800 ரூபாய் வரி அடங்கியிருக்கிறது. வாங்கிய மாதத்துக் கணக்கிலேயே அதைக் காட்ட வேண்டும். முன்பணம் வாங்கினால் பற்றுச்சீட்டு, வேலை நடவாமல் பணத்தைத் திருப்பினால் அதற்கும் ஒரு சீட்டு என்று சட்டம் வகுத்துள்ளது. எழுதிக் கொள்ளுங்கள் என்ற இறைக்கட்டளையை ஏற்ற நமக்கு இது பாரமாகத் தோன்றலாமா?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். முன்பணம் நம்மீதுள்ள கடன். அதைக் கொண்டு மரம் வாங்கலாம், கூலி கொடுக்கலாம். ஆனால் சொன்ன பொருளைச் சொன்ன தவணையில் தரவேண்டிய பொறுப்பு கழுத்தில் நிற்கிறது. ஒருவர் அச்சாரத்தில் வேறொருவர் வேலையை முடித்து, அந்தப் பள்ளத்தை மூன்றாமவர் அச்சாரத்தால் நிரப்பும் வழக்கம் கடைசியில் யாரைத் தாக்குகிறது? கல்யாண நாள் நெருங்கியும் சாமான் வராமல் கலங்கும் தகப்பனையல்லவா!

வரியின் நிலை வேறு. நாம் மரம் வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. கழித்தது போக மிஞ்சுவது எந்த நிமிடத்திலும் நமது பணமாக இருந்ததில்லை. அரசிடம் சேர்க்கும்படி வாடிக்கையாளர் நம் கையில் தந்த அமானிதம் அது. மாதந்தோறும் கணக்குக் காட்டுவோர் அடுத்த மாதம் 20-ஆம் நாளுக்குள் செலுத்த வேண்டும். அதுவரை அதனைத் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்கி வைப்பது பேணுதலான வழி.

“அரசாங்க வரி ஷரீஅத்தில் இல்லையே, அதை மறைத்தால் என்ன பாவம்?” என்று கேட்பவர்கள் உண்டு. வரியின் நியாயத்தைப் பற்றி எவரும் எக்கருத்தும் கொள்ளட்டும். ஆனால் ‘வரி’ என்று பெயர் சொல்லி ஒருவரிடம் வாங்கிய பணத்தைத் தன் பையில் போட்டுக்கொள்வதற்கு எந்த மத்ஹபில் இடமிருக்கிறது? அது வாங்கியவர் பொருளும் அன்று, விற்றவர் பொருளும் அன்று. பதிவே பெறாத கடைக்காரரும், இணக்கத் திட்டத்தில் உள்ளவரும் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது என்கிறது சட்டம். துண்டுச் சீட்டில் வரி எழுதி வாங்குவது, அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை நினைத்து அஞ்சவேண்டிய செயலல்லவா!

‘அச்சாரம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று பலகை எழுதி வைப்போரும் சிந்திக்க வேண்டும். வியாபாரம் முறிந்தால் அச்சாரத்தை விற்றவரே வைத்துக்கொள்வதை ஹனஃபி, ஷாபிஈ, மாலிகி மத்ஹபுகள் அனுமதிக்கவில்லை. ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. தமிழகத்தில் நம்மில் மிகப் பெரும்பாலோர் முதலிரு மத்ஹபுகளைப் பின்பற்றுவோரே. வருந்தி விலகும் வாடிக்கையாளரின் வேண்டுகோளை ஏற்பவரின் சறுக்கல்களை மறுமையில் அல்லாஹ் மன்னிப்பான் என்ற நபிமொழி, முன்பணத்தைவிடப் பெரிய இலாபத்தைக் காட்டுகிறது.

ஜகாத்துக்கும் இந்தத் தனிப்பக்கங்கள் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் கடனைக் கழித்தே ஜகாத் கணக்கிடுவர். ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான சொற்படி கடன் ஜகாத்தைத் தடுக்காது. எதைக் கழிப்பது, எதைச் சேர்ப்பது என்று உங்கள் ஊர் இமாமிடம் கேட்கச் செல்லுமுன், எது எவ்வளவு என்று உங்கள் ஏடு சொல்ல வேண்டுமே!

கடனோடு மரணித்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபியவர்கள் முன்வரவில்லை. அபூ கத்தாதா (ரலி) அக்கடனை ஏற்றுக்கொண்ட பின்பே தொழுவித்தார்கள். கடைக்காரர் திடீரென்று கண்மூடினால், யார் யாரிடம் எவ்வளவு அச்சாரம் வாங்கினார் என்று மனைவி மக்களுக்கு எப்படித் தெரியும்? மனத்தில் வைத்திருந்த கணக்கு மண்ணறைக்குள் அவரோடு போய்விடும். கொடுத்தவர்கள் மட்டும் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு தனிப்பக்கமும் நாள்தோறும் சிறிது நேரமும் இந்த இழிவிலிருந்து குடும்பத்தைக் காக்கும்.

சகோதரர்களே, இன்று ஜும்ஆ தொழுது கடை திரும்பியதும் பேரேட்டை விரியுங்கள். முன்பணத்துக்கு ஒரு பக்கம், வரிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவற்றைக் கழித்து எஞ்சுவதே உங்கள் வியாபாரம். அணுவளவும் தவறாத ஏடு நமக்காகக் காத்திருக்கும் மறுமை நாளில், இவ்வுலக ஏட்டைச் செம்மையாக வைத்திருந்த வணிகர்களோடு நம்மையும் சேர்த்தருள எல்லாம் வல்ல அல்லாஹ் கிருபை செய்வானாக! ஆமீன்.